பிளவுற்ற பாறையும் பேரழகும்

படைப்புச் சிந்தனை என்னும் சொற்றொடர் நம் பகுதியில் இன்று நாள்தோறும் ஒலிக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூர் தொடங்கிப் படூரைக் கடந்து கேளம்பாக்கம் வரை பொறியியற் கல்லூரிகளும் கணினி நிறுவனங்களும் வரிசையாக எழுந்து நிற்கின்றன. அங்கே கற்கும் மாணவர்க்கும் பணிபுரியும் இளைஞர்க்கும் புதிதாகச் சிந்திப்பது எப்படி என்று பயிற்சி அளிக்கிறார்கள். பயிற்சிக்குச் சென்று திரும்பிய நம் இளைஞர் சிலரை விசாரித்தபோது அவர்கள் கூறியவற்றுள் ஒரு வினா நம் கருத்தை ஈர்த்தது. ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று சில நிமிடங்களுக்குள் எழுத வேண்டுமாம். மிகுதியாக எழுதுகிறவர் படைப்பாற்றல் மிகுந்தவர். இவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க உளவியலார் கில்ஃபோர்டு 1950இல் படைப்பாற்றலை முறையாக ஆராய வேண்டுமென்று தம் துறையினரிடம் வற்புறுத்தினார். அவரும் அவரைப் பின்பற்றியோரும் வகுத்த சோதனைகளுள் புகழ் பெற்றது இந்தச் செங்கல் வினா.

இச்சோதனையை நாம் இகழவில்லை. மனம் ஒரே தடத்தில் ஓடாமல் பல தடங்களில் ஓடப் பழகுவது நல்லதே. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நாற்பது எண்ணங்கள் தோன்றிவிட்டன என்றே கொள்வோம். அவற்றுள் எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று தெரிந்தெடுப்பது எது? பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரே 1908இல் வெளிவந்த தம் நூலில் இக்கேள்விக்கு வியப்பான ஒரு விடை தந்தார். கணித அறிஞரின் ஆழ்மனத்தில் எண்ணற்ற சேர்க்கைகள் பிறக்கின்றன. அவற்றுள் பயனுள்ள சிலவற்றை மட்டும் மேலே வரவிடும் சல்லடை, அவரது அழகுணர்வு என்றார். கணிதத்துக்கே இது பொருந்துமாயின் கலைக்கு எவ்வளவு பொருந்தும்! அழகு என்பது வேலை முடிந்தபின் பூசப்படும் வண்ணம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று, சிந்தனை தொடங்கும் இடத்திலேயே அழகு இருக்கிறது, அதுவே மனத்தைக் கைப்பிடித்து நடத்திச் செல்கிறது என்பது நம் கருத்து. இதை மெய்ப்பிக்க நாம் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. படூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் சென்றாலே போதும்.

ஆனால் மாமல்லபுரத்துக்குள் நுழையுமுன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக்கு ஒரு நடை போய் வருவோம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு குன்றைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி இதைச் செய்தோம் என்பது அவன் கல்வெட்டில் பொறித்துவைத்த செய்தி. அதில் தன்னை அவன் விசித்திரசித்தன் என்று அழைத்துக்கொள்கிறான். வியத்தகு புதுமைகளை நாடும் உள்ளத்தான் என்பது அதன் பொருள். செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று இன்று நம் பிள்ளைகளைக் கேட்கிறார்கள். செங்கல்லே இல்லாமல் என்ன செய்யலாம் என்று ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் தொண்டை நாட்டு வேந்தன் ஒருவன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். நாடகம் எழுதியவன், ஓவியர்களுள் புலி என்று பட்டம் சூட்டிக்கொண்டவன். அவனிடமிருந்து இப்படியொரு வினா எழுந்ததில் வியப்பில்லை.

எனினும், மண்டகப்பட்டுக் குடைவரையைக் கண்ணாரக் கண்டவர்கள் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வார்கள். எண்ணம் புதுமையானது; கோயிலோ எளிமையானது. தடித்த சதுரத் தூண்கள், இரு புறமும் வாயிற்காவலர், உள்ளே வெறுமையான கருவறைகள். கம்பீரம் உண்டு, நெஞ்சை அள்ளும் அழகு இன்னும் முகிழ்க்கவில்லை. காரணம் என்ன? ‘இவையின்றி’ என்பது எதிர்மறைச் சிந்தனை. எவை வேண்டாம் என்று அது கண்டுகொண்டது. பாறை என்ன விரும்புகிறது என்று இன்னும் கேட்கவில்லை. பாறையை அது செங்கல்லுக்கு மாற்றாகப் பார்த்ததேயன்றிப் பாறையாகப் பார்க்கவில்லை. புதுமை மட்டும் இருந்தால் அழகு தானே வந்துவிடும் என்று நம்புவோர் மண்டகப்பட்டில் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

மாமல்லபுரத்து ஐந்து இரதங்களில் சிந்தனை அடுத்த படிக்கு ஏறுகிறது. (இவற்றைச் செய்தவன் மாமல்லன் முதலாம் நரசிம்மவர்மன் என்பது பழைய கொள்கை, எல்லாம் இராசசிம்மன் காலத்தவையே என்று 1962இல் முனைவர் இரா. நாகசாமி வாதிட்டார். அவ்வழக்கு நமக்கு இங்கே தேவையில்லை. நாம் தேடுவது காலத்தின் வரிசையை அன்று, சிந்தனையின் வரிசையை.) மேலிருந்து கீழாகப் பாறையைச் செதுக்கிச் செய்த இக்கோயில்கள் எல்லாம் ஒரே உருவத்தவையல்ல. திரௌபதி இரதம் என்று நாம் அழைப்பது ஓர் ஓலைக் குடிசையின் வடிவம். ஏழைகளின் கூரையில் மழைநீர் வடியும் அந்த வளைவை யாரோ ஒரு சிற்பி நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறான். பார்த்தது அழகாயிருந்ததால்தான் அதைக் கருங்கல்லில் நிலைநிறுத்தத் துணிந்தான். கொற்றவைக்குக் குடிசையே கோயிலாயிற்று.

இன்னும் சுவையானது சகாதேவ இரதம். பின்புறம் அரைவட்டமாய் வளைந்த அதன் அமைப்பைத் தமிழில் தூங்கானை மாடம் என்பர். படுத்துறங்கும் யானையின் பின்னுடல் போன்றது என்று பொருள். அதன் பக்கத்திலேயே ஒரே கல்லில் ஒரு முழு யானையைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடக் கலைஞன் உவமையாகச் சொன்னதைச் சிற்பி உருவமாகவே காட்டிவிட்டான். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறவர் முகத்தில் ஒரு புன்முறுவல் தோன்றாமல் இராது. படைப்புச் சிந்தனையில் விளையாட்டுக்கும் இடமுண்டு. நம் ஆன்மீக எழுத்தாளர்கள் சில வேளைகளில் மறந்துவிடும் செய்தி இது.

ஆனாலும் இரதங்களில் கல் இன்னும் மரத்தையும் ஓலையையும் நினைத்துக்கொண்டிருக்கிறது. கல் கல்லாகவே பேசத் தொடங்கும் இடம், அருச்சுனன் தபசு என்று ஒரு சாராரும் கங்கையின் வருகை என்று மறு சாராரும் அழைக்கும் அந்தப் பெரும் பாறைச் சிற்பம். ஏறத்தாழத் தொண்ணூறு அடி நீளம். கடலை நோக்கிக் கிழக்கு முகமாய் நிற்கும் பாறையின் நடுவே, மேலிருந்து கீழ்வரை இயற்கையாகவே ஒரு பிளவு.

வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டுகிறோம். சிற்பம் செய்யக் கல் தேடுகிறவன் முதலில் விலக்குவது பிளவுண்ட கல்லை. இன்றும் மாமல்லபுரத்துப் பட்டறைகளில் கல்லைத் தட்டி ஓசை கேட்டு, உள்ளே வெடிப்பு உண்டா என்று பார்த்துத்தான் உளியை வைப்பார்கள். இந்தப் பாறையிலோ வெடிப்பு மறைந்திருக்கவில்லை. வழிப்போக்கனுக்கும் தெரியும்படி நடுவில் கிடக்கிறது. மூன்று வழிகள் இருந்தன. இப்பாறையை விட்டு வேறு பாறை தேடலாம். பிளவுக்கு ஒரு புறத்தில் மட்டும் செதுக்கலாம். பிளவை ஏதேனும் ஒன்றால் மறைக்கலாம். பெயர் தெரியாத அந்தக் கலைஞர் நான்காம் வழியைக் கண்டார். பிளவே ஆறாயிற்று. நாகர்கள் கைகூப்பியபடி அதில் நீந்தி மேலேறுகிறார்கள். பாறையின் உச்சியில் நீரைத் தேக்கிப் பிளவின் வழியே வழியவிட்டதற்கான தடயங்களையும் ஆய்வாளர் காட்டுகின்றனர். இரு புறமும் தேவரும் வேடரும் யானையும் மானும் அந்த நீரை நோக்கி விரைகின்றனர். குறையாய் இருந்தது நடுநாயகமாயிற்று. பிளவு இல்லாதிருந்தால் இச்சிற்பமே இல்லை.

இது திறமை மட்டுமா? அறிவுக்கூர்மை மட்டுமா? இரண்டும் உண்டு, ஆனால் அவற்றுக்கு முன்னே வேறொன்று நிகழ்ந்திருக்க வேண்டும். அந்த மனிதர் பிளவைத் தீர்க்க வேண்டிய சிக்கலாகப் பார்க்கும் முன்பே, அதன் மீது ஒளி விழுவதையும் மழைக்காலத்தில் நீர் வழிவதையும் கண்டு, அழகாயிருக்கிறதே என்று நின்றிருக்க வேண்டும். அழகு அவரைப் போகவிடாமல் பிடித்து நிறுத்தியது. நின்றதால் கண்டார், கண்டதால் சிந்தித்தார். இதற்குச் சான்று எழுத்தில் இல்லை; ஆனால் பாறையே சான்று என்போம். யானையின் வயிற்றுக்கடியில் ஒண்டி நிற்கும் குட்டிகளையும், பின்னங்காலைத் தூக்கி முகத்தைச் சொறியும் மானையும் செதுக்கிய கைகள் அவசரக்காரரின் கைகளல்ல. நெடிது நோக்கப் பழகிய கண்கள் அவற்றை ஏவியிருக்கின்றன.

புனித தாமஸ் அக்குவினாஸ் அழகுக்கு மூன்று இலக்கணம் வகுத்தார்: முழுமை, இயைபு, ஒளிர்வு. குருமடத்தில் இவற்றை நாம் மனப்பாடம் செய்தோம். மாமல்லபுரத்தில் நிற்கும்போது முதல் இலக்கணம் நம்மைத் துன்புறுத்துகிறது. பிளவுண்ட பாறை முழுமையற்றது. போதாக்குறைக்கு, சிற்பத்தின் சில பகுதிகள் முடிக்கப்படாமலே நின்றுவிட்டன. கோயில் ஒன்றின் முன் அமர்ந்த முனிவர் சிலரின் தலைகளும் இன்று இல்லை. அப்படியானால் இது அழகில்லையா? அக்குவினாஸ் கூறிய முழுமை, ஒரு பொருளுக்கு உரியது அதற்கு இருத்தல் என்பதே. ஆற்றுக்கு உரியது பள்ளம். பாறையாக மட்டும் பார்த்தால் குறை. ஆறாகப் பார்த்தால் நிறைவு. பொருளில் எதுவும் மாறவில்லை, பார்வை மாறியதும் முழுமையின் பொருளே மாறிவிட்டது. படைப்புச் சிந்தனையின் செயல் இதுதான் என்று நாம் துணிந்து சொல்வோம். அக்குவினாஸ் கலையை உணர்ச்சிப் பெருக்கு என்று கூறாமல், செய்யப்படும் பொருள்களைப் பற்றிய நேரிய அறிவு என்று கூறியதும் இங்கே நினைக்கத்தக்கது.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று கலைஞர்களுக்கு எழுதிய மடலில் ஒரு வேறுபாட்டை எடுத்துரைத்தார். ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்குபவர் படைப்பவர். அது இறைவனுக்கே உரியது. ஏற்கெனவே உள்ள ஒன்றை எடுத்து அதற்கு வடிவும் பொருளும் தருபவர் கைவினைஞர், அது மனிதர்க்குரியது. இவ்வேறுபாட்டைப் படிக்கும் சிலர் மனிதக் கலையைத் தாழ்த்துவதாக வருந்துவர். நமக்கோ அது விடுதலையாகத் தோன்றுகிறது. வெற்றுத்தாளின் முன் அமர்ந்து எதையாவது புதிதாகப் பிறப்பிக்க வேண்டுமென்று துடிக்கும் இளைஞர் எத்தனை பேர்! தரப்பட்டதை உற்றுப் பார்ப்பதே தம் முதல் வேலை என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

நம் தமிழ் மரபும் இதை வேறொரு வழியில் கண்டிருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் நூலுக்குரிய வனப்பு எட்டு என்று எண்ணும்போது, தொன்மை என்பதை ஒரு வனப்பாகவும் விருந்து என்பதை மற்றொரு வனப்பாகவும் வைக்கிறது. பழங்கதையைத் தழுவி வருவது தொன்மை. புதியதாகப் புனையப்படுவது விருந்து. புதுமைக்கு இட்ட பெயரைக் கவனியுங்கள். வீட்டு வாசலில் வந்து நிற்கும் புதியவருக்கும் தமிழில் அதே பெயர்தான். புதுமை என்பது நாம் உற்பத்தி செய்யும் சரக்கு அன்று, வரும்போது வரவேற்கப்பட வேண்டியது என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது. புதுமையை வனப்பின் வகையாகவே எண்ணிய ஒரு மொழியில் பிறந்துவிட்டு, அழகையும் படைப்பையும் இரு வேறு பாடங்களாகக் கற்பிக்கிறோம்.

அண்மைக் காலத்திலும் நம் கடற்கரையில் இதற்குச் சான்று உண்டு. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் கலைஞர்கள் சிலர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் கலைக் கிராமத்தை அமைத்தனர். பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கினர். வயிற்றுக்கு ஒரு தொழில், கலைக்கு முழு உரிமை என்பது அவர்கள் திட்டம். பணிக்கரைச் சூழ்ந்திருந்த சிற்பிகளுள் பி. வி. ஜானகிராமை (1930–1995) நாம் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறோம். கோயில் மூலவருக்கு அணிவிக்கும் உலோகக் கவசத்தை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம். முன்புறம் மட்டுமே கொண்ட, தட்டி எழுப்பிய தகடு அது. ஜானகிராம் அதை அணியாகப் பாராமல் சிற்பத்தின் ஒரு வழியாகவே பார்த்தார். செப்புத் தகட்டைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்து, முன்னிருந்து காண வேண்டிய சிற்பங்களை உருவாக்கினார். கிறிஸ்துவையும் அவர் இம்முறையில் வடித்தார். ஐரோப்பியச் சிற்பத்தை எண்ணி அவற்றைப் பார்ப்பவர் பின்புறம் எங்கே என்று கேட்கக்கூடும். கவசத்துக்குப் பின்புறம் ஏது? பாறையில் பிளவு எப்படியோ, தகட்டில் தட்டை அப்படி.

இதற்கு மாறாக ஒன்றும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியில் 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை வடித்தவர் கணபதி ஸ்தபதி. மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் முதல்வராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர். அதிகாரங்கள் 133 என்பதால் மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பால் அதிகாரங்கள் 38 என்பதால் பீடம் 38 அடி. இந்த எண் கணக்கை எல்லாரும் வியந்து பேசுகிறார்கள். நாம் அவ்வளவாக வியக்கவில்லை. எண்ணைக் கீழிருந்து யாரும் காண முடியாது, சொன்னால்தான் தெரியும். அச்சிலையை உயிருள்ளதாக்குவது இடுப்பில் விழுந்திருக்கும் மெல்லிய வளைவு. அத்தனை பெரிய கல்லடுக்கு ஒரு நடன மாதின் படிமம்போல் ஒசிந்து நிற்கிறது. எண் அறிவு வகுத்த திட்டம்; வளைவு அழகு காட்டிய வழி. முன்னது சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பயன்படுகிறது. பின்னதைக் காணப் படகில் இருந்தாலே போதும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் ஆலயங்களிலும் கெபிகளிலும் நிற்கும் சுரூபங்களில் பெரும்பாலானவை அச்சில் வார்த்தவை. ஒரே முகம், ஒரே நீல அங்கி, ஒரே பார்வை. படூருக்கும் பாளையங்கோட்டைக்கும் வேறுபாடில்லை. மக்களின் பக்தியை நாம் குறை கூறவில்லை. அச்சுருவின் முன்னும் உருக்கமான செபம் எழுகிறது. ஆனால் நம் பிள்ளைகளின் கண்கள் அவற்றின் முன் என்ன பழகுகின்றன? ஒரு முறை பார்த்தாலே போதும், மறுமுறை பார்க்க எதுவுமில்லை என்று பழகுகின்றன. கண்ணுக்கு இனியது வேறு, அழகு வேறு. இனியது உடனே சரி என்று ஒப்புக்கொள்ளச் செய்து அனுப்பிவிடுகிறது. அழகோ இன்னும் இரு என்கிறது. கோனான்குப்பத்தில் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் பெரியநாயகி அன்னையை நிறுத்திய வீரமாமுனிவர், வளனாரின் கதையைத் தமிழ் நிலமும் நீரும் மணக்கப் பாடிய தேம்பாவணியின் ஆசிரியர், இன்றைய நம் கெபிகளைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எண்ணுகையில் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. இத்தனைக்கும், கிறிஸ்தவ உருவங்களையும் செதுக்கித் தரக்கூடிய கற்றச்சர்கள் நம் மறைமாவட்டத்து எல்லைக்குள்ளேயே உளி பிடித்து அமர்ந்திருக்கிறார்கள். கல்லுக்குச் செலவு கூடுதல் என்பார்கள். கூடுதல்தான். ஆண்டுதோறும் திருவிழா மின்விளக்குகளுக்கு நாம் இடும் செலவை யாரும் கூடுதல் என்று சொல்லக் கேட்டதில்லை.

போலியைப் பற்றி அந்தப் பாறையே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. ஆற்றுக்கு ஒரு புறத்தில், ஒற்றைக்காலில் நின்று கைகளைத் தலைக்குமேல் உயர்த்தித் தவம் செய்யும் முனிவர். விலா எலும்புகள் புடைத்துத் தெரிகின்றன. மறுபுறத்தில், யானைகளுக்கு அருகே, அதே நிலையில் முன்னங்கால்களை உயர்த்தி நிற்கும் ஒரு பூனை. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றிக் கூடியிருக்கின்றன. நிலை ஒன்றே, கை ஒன்றே, நோக்கு மட்டும் வேறு. பக்திச் சிற்பத்தின் நடுவே பக்தியின் போலியையும் செதுக்கிவைத்த அந்தத் துணிவை நாம் பாராட்டுகிறோம். வேந்தனின் பொருட்செலவில் உருவான பணியில் ஒரு பூனைக்கு இடம் கேட்டவர் யாரோ, இடம் கொடுத்தவர் யாரோ.

பிள்ளைகளை அழைத்துச் செல்ல விரும்பும் பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் போங்கள், கிழக்கு நோக்கிய பாறையாதலால் பிற்பகலில் நிழல் விழுந்து உருவங்கள் மங்கிவிடும். போனவுடன் அருச்சுனன் கதையையோ பகீரதன் கதையையோ சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். எதிரே சற்றுத் தள்ளி அமரவைத்து, இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். விடை வரும்வரை வேறெதுவும் பேச வேண்டாம்.